பால் வராத மரம்

என் மகள் பினாங்கில் ஒரு கல்லூரியில் கணினி விளையாட்டுகள் செய்யப் படித்தாள். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்து காட்ட வேண்டும். அவள் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தை வைத்துச் செய்தாள்.

செர்டாங் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தை விட்டு நாங்கள் லூனாஸுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயது. என் மனைவி அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள். பிறகு நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். மகள் சின்ன வயதில் அந்த வீட்டைப் பற்றிக் கேட்பாள். நான் அதிகம் பேசத் தெரியாதவன். "அது ஒரு வீடும்மா, அவ்வளவுதான்" என்பேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு விடுமுறைக்கு வந்தவள் தன்னுடைய பழைய லேப்டாப்பை மேசையில் வைத்து, விளையாட்டைத் திறந்து காட்டினாள்.

"இது முதல் வெர்ஷன்பா. எங்க தப்பு இருக்குன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். ரெண்டு வாரத்துல லெக்சரர்கிட்ட காட்டணும்."

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் ஆறாவதோட நின்னவன்."

"கணக்குப் பாடமா கேக்குறேன்? இருபது வருஷம் பால் வெட்டினவரு நீங்க. முதல்ல ஒரு ரப்பர் மரம் வரும். மத்தவங்க முழிப்பாங்க. உங்களுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது லா." சிரித்துக்கொண்டே, "சும்மா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

மறுநாள் லேப்டாப்பை என்னிடமே விட்டுவிட்டு அவள் பினாங்குக்குத் திரும்பினாள். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் காலை வேலை. நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரையில் பனி மூடிய தோட்டம். ஒரே ஒரு மரம், கத்தி படாத புதுப்பட்டை. பக்கத்தில் ஒரு கத்தி, ஒரு மங்கு. நாங்கள் பால் பிடிக்கும் அதே பீங்கான் கிண்ணம், விளிம்பில் சின்ன உடைசல் வரை வரைந்திருந்தாள். கத்தியை எடுத்துப் பட்டைமேல் சரியாக இழுத்தால் பால் வரும், மங்கு நிறையும், வேலிக்கதவு திறக்கும். அதற்குப் பிறகுதான் மற்ற இடங்கள்.

இழுத்தேன். பால் வரவில்லை. சேவல் கூவியது, திரை இருண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஆழமாக வெட்டிவிட்டேன் என்று நினைத்து மெதுவாக இழுத்தேன். சேவல் கூவியது. சாய்வைக் கூட்டினேன், குறைத்தேன். மேலே ஆரம்பித்தேன், கீழே ஆரம்பித்தேன். சேவல் கூவிக்கொண்டே இருந்தது. ஒன்பது நாள் இப்படிப் போனது. மாலையில் வீட்டுக்கு வரவே பயமாக இருந்தது.

பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். மரத்துக்கு முன்னால் நின்றால் வெட்டு இடது கைப்பக்கம் மேலே தொடங்கி, வலது பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். பதின்மூன்று வயதில் நான் முதல்முதலாக மாற்றி வெட்டியபோது கங்காணி கத்தியைப் பிடுங்கி அதன் காம்பாலேயே என் விரல் முட்டியில் அடித்தார். "மரத்துக்கு வாயில்லன்னு நெனைச்சியாடா? ஒரு பட்டை கெட்டா உங்கப்பன் வந்து ஒட்டுவானா?" அதற்குப் பிறகு என் கை மாற்றி வெட்டியதே இல்லை. திரையில் மாற்றி இழுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அவள் படித்தவள், அவள் செய்தது சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் இந்தச் சாமானைப் பிடிக்கத் தெரியவில்லை என்றே நினைத்தேன்.

பத்தாம் நாள் அவள் போன் செய்தாள்.

"பசியாறிட்டீங்களாப்பா? விளையாடிப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"மரம் எப்படி?"

இருபது வருடம் மரம் வெட்டியவனுக்கு அந்த ஒரு மரத்தில் பால் வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

"ரெண்டு நிமிஷம்தான்" என்றேன்.

"நான் சொன்னேன்ல!" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கடைசி வரைக்கும் போனீங்களா? சொல்லுங்கப்பா, வீட்டுக்குள்ள எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. அப்படியே நம்ம வீடு மாதிரி."

அவள் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, வீட்டுக்குள்ள நான் இன்னும் ஒண்ணுமே செய்யல. கதவோட நிக்குது." பிறகு சொன்னாள், "நீங்க தொறந்தே பாக்கல, இல்ல?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒன்பது நாள் சேவல் கூவிய கதையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்திருப்பாள், அவ்வளவுதான்.

"பரவால்லப்பா. டைம் இல்ல, நான் வேற ஒண்ணு செஞ்சிக்கிறேன்."

வேறொன்று செய்தாள். ஒரு பேரங்காடிக்குள் மாட்டிக்கொண்டவன் வெளியே வரும் விளையாட்டு. அதில் தேறிவிட்டாள். இப்போது கோலாலம்பூரில் வேலை.

அவள் தேறிய செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த லேப்டாப்பை மறுபடி திறந்தேன். அதே பனி, அதே மரம். எனக்குக் கோபம் வந்தது. இந்த மரத்தைக் கெடுத்துவிடுவோம் என்றே கத்தியை எடுத்து, வலது பக்கம் மேலே குத்தி, இடது பக்கமாக இறக்கினேன்.

பால் வந்தது. வெள்ளையாக வழிந்து மங்கு நிறைந்தது. வேலிக்கதவு திறந்தது.

எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தாளோ, அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருந்திருக்க வேண்டும். அந்த விளையாட்டில் ஒரு தப்பு இருந்தது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியவன் என்றுதான் என்னிடம் கொடுத்தாள். ஒன்பது நாள் அந்தத் தப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தடுக்கவில்லை. பெரட்டுக்களம் வந்தது, காலையில் ஆள் கூப்பிடும் அந்த இடம். நாங்கள் வேலைக்கு நடந்து போகும் செம்மண் சடக்கு வந்தது. லயத்தில் மூன்றாவது வீடு. வாசல் கொடியில் ஒரு பச்சைச் சேலை காய்ந்தது. அவள் அம்மாவின் அந்தச் சேலை அவளுக்கு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கதவைத் தொட்டேன். திறக்கவில்லை. அதன்மேல் எழுத்து வந்தது.

"இதுவரைதான் எனக்கு ஞாபகம் இருக்கு. உள்ளே அம்மா எங்க படுத்திருந்தாங்க, அடுப்பு எந்தப் பக்கம், எதுவும் தெரியல. அப்பா சொன்னாத்தான் செய்ய முடியும்."

அடுப்பு வலது பக்கம். அவள் அம்மா ஜன்னலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தாள்.

மகள் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள்.

"பசியாறிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு."

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. போனை அவள்தான் முதலில் வைக்கிறாள்.