பலாலியிலை பிளேன் இறங்கட்டும்

"அக்கா, கூசேன்வில் தர்மு அண்ணை மோசம் போயிட்டாரெல்லோ" என்று பாரிஸ் லா சப்பல் மரக்கறிக்கடையில் சாவுச் செய்தி சொன்னார்கள். கையிலிருந்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டேன். பிறகு என்ன வாங்கினேன் என்று நினைவில்லை.

ருவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவர். ஊருக்குப் போகிற எத்தனையோ பேரின் பெட்டிகளை ஏற்றினார். தான் மட்டும் போகவில்லை. சண்டைக் காலத்தில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் வழியில், சோதனை என்று சொல்லி அவருடைய தம்பியை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அவன் திரும்பவேயில்லை. "அந்த றோட்டாலை நான் போகமாட்டன். பலாலியிலை பிளேன் இறங்கட்டும், வாறன்" என்பார்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் விட்டபோது அவருக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. ஊருக்குப் போகிறவர்களை எல்லாம் அந்த வழியால் அனுப்பினார். பெட்டியைத் தூக்கி நிறுத்துப் பார்க்கும் தராசோடு வீட்டுக்கே வருவார். நான் போகும்போதும் வந்தார்.

"தங்கச்சி, இது சின்னப் பிளேன். இவ்வளவு சொக்லேற்றும் ஆருக்கு?"

"பேத்தி பார்மசி பாஸ் பண்ணினவள். ஊருக்குக் குடுக்க வேண்டாமோ?" ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு அது சின்ன விஷயமில்லை.

"அப்ப அவளின்ரை டிப்ளோமைக் கொண்டுபோய்க் காட்டு. பாரமில்லை."

திரும்பி வந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"படியாலை இறங்கேக்கை காத்து எப்பிடி?"

"சூடு, அண்ணை."

"உப்பும் இருந்திருக்கும். நீ கவனிச்சிருக்கமாட்டாய்."

அப்போது அவரிடம் இருந்தது அகதிக் காட். அதோடு ஊருக்குப் போக முடியாது. நசனாலித்தே, பிரெஞ்சுக் குடியுரிமை, கிடைத்தபோது கொரோனா வந்து விமானம் நின்றது. விமானம் திரும்ப ஓடியபோது அவருடைய சிறுநீரகம் நின்றுவிட்டது.

அந்தியேட்டி செய்து சாம்பலைக் கரைக்க மகன் கீரிமலைக்குப் போனான். பலாலிக்குப் பக்கத்தில்தான் கீரிமலை. அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தான்.

"பலாலியிலை சுகமா இறங்கினியோ, தம்பி?"

"இல்லை அன்ரி. கொழும்பு டிரெக்ட், லேசு. பிறகு வான் பிடிச்சு றோட்டாலை வந்தம். சரியான தூரம்."

உயிரோடு போகமாட்டேன் என்ற அந்த றோட்டால், செம்புக்குள் சாம்பலாய், மகனின் மடியில் போயிருக்கிறார்.

அவன் இங்கே பிறந்த பிள்ளை. லா சப்பல் முழுக்கச் சொன்ன கதையைத் தகப்பன் அவனிடம் மட்டும் சொல்லவில்லை. சித்தப்பா ஒருவர் இருந்ததே அவனுக்குத் தெரியாது. பாசத்தோடு கொண்டுபோனவனை என்ன சொல்ல? இனிச் செய்யவும் ஒன்றுமில்லை, கரைத்தாயிற்று.

அண்ணையின் தராசு என் வீட்டில் கிடக்கிறது. அதையும் இந்தக் கதையையும் நான் வைத்துக்கொள்கிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிற நீங்கள் யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.