சிஞ்ஞோரா கழுத்தில் செவ்வந்தி மாலை

ஈரச் செவ்வந்தியின் அந்தக் கசப்பு கலந்த வாசனை... இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் எனக்கு இத்தாலிய மொழிதான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் பினாங்கில் காலேஜ் படித்தபோது விருப்பப் பாடமாக இத்தாலியன் எடுத்தேன். வகுப்பில் பதினோரு பேர். தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். கிறீச்சிடும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வினைச்சொல் படிப்போம். மத்தியானத்துக்கு மேல் இத்தாலியில் யாரும் பால் காப்பி குடிக்க மாட்டார்கள் என்பதையும் படித்தோம்!

அப்பா டவுனில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. "இத்தாலியன் படிச்சு நம்ம ஊரு ஆயர் ஈத்தாம் பசார்ல யாருகிட்டம்மா பேசப் போற?" என்றார். கடைசியில் ஒரு கண்டிஷன் போட்டார். வாய்மொழித் தேர்வில் ஏ வாங்கினால் அடுத்த வருஷமும் படிக்கலாம். இல்லாவிட்டால் அதை விட்டுவிட்டு அக்கவுண்ட்ஸ்.

தேர்வு நாள் காலையில் அவரே பூக்கடைக்குப் போய் ஒரு மாலை வாங்கி வந்தார். மாப்பிள்ளை மாலை கனம்... முழுக்க மஞ்சள் செவ்வந்தி. டீச்சருக்கு மரியாதை செய்துவிட்டுப் பிறகு உட்கார் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் டீச்சர் இத்தாலிக்காரர். அவர்கள் மொழியில் 'மேடம்' மாதிரி, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கதவைத் திறந்ததும் மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. மாலையைத் தொடாமல், இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். பிறகு மெதுவாக இங்கிலீஷில் சொன்னார்... அவர் ஊரில் செவ்வந்தி கல்லறைக்கு மட்டும்தான் போகுமாம். உயிரோடு இருப்பவருக்கு யாரும் கொடுக்க மாட்டார்களாம்.

போச்சு, அக்கவுண்ட்ஸ்தான் என்று நினைத்தேன். ரோம் நகரைப் பற்றி ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

சிஞ்ஞோரா உட்கார்ந்தார். மாலையைக் கழற்றவில்லை. ரோமைப் பற்றிக் கேட்கவும் இல்லை. இத்தாலியனில் ஒரே கேள்வி:

"உங்க வீட்டுல இத யாருக்கெல்லாம் போடுவீங்க?"

சொன்னேன். முருகனுக்கு, பொண்ணு மாப்பிள்ளைக்கு, வீட்டுக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு... அப்பா அன்றைக்கு வேலைக்கு லேட்டாகப் போனதையும் சொன்னேன். இலக்கணம் கண்டபடி உடைந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. புதுக் காருக்கும் போடுவோம் என்றபோது சிஞ்ஞோரா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஏ கிடைத்தது. அப்பா ரிசல்ட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "மால வேல செஞ்சிருச்சு லா" என்றார். கல்லறை விஷயத்தை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது என் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். தமிழ்ப் பள்ளியா, சீனப் பள்ளியா, எந்த மொழி முதலில்... நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளோ பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையோடு தமிழ், மலாய், ஹொக்கியன் சீனம் மூன்றையும் கலந்து சண்டை போடுகிறாள். தப்பும் தவறுமாக, நிற்காமல். அன்றைக்கு நான் பாஸானதும் இப்படித்தானே...

நேற்று வந்து, பாலர் பள்ளி டீச்சருக்குப் பூ வாங்க வேண்டும் என்றாள்.

டீச்சர் ஊரில் எந்தப் பூ யாருக்கு என்று முதலில் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.