ஆண்டிச்சாமியின் ரயில் பாட்டு

மச்சுவாடி ஆண்டிச்சாமியைத் தெரியாதவங்க புதுக்கோட்டையில இருக்கலாம். அவன் சுமந்த வாத்தியத்தைத் தெரியாதவங்க கிடையாது. கல்யாண ஊர்வலத்துல பேண்டு செட்டுக்காரங்க எல்லாருக்கும் பின்னால, ஒரு ஆளோட உடம்பைச் சுத்தி வளைஞ்சு, தலைக்கு மேல அண்டா வாயைத் திறந்துக்கிட்டு ஒரு பித்தளை வருமே, அதுதான் பேஸ். அதைச் சுமக்கிறவனுக்குத்தான் அதோட கனம் தெரியும். பிள்ளைங்க "அண்டாச்சாமி, அண்டாச்சாமி"ன்னு கத்திக்கிட்டே பின்னால ஓடுங்க. கிளாரினெட்டுக்காரனுக்கு மாலை விழும். டிரம்முக்காரனைச் சுத்திக் கூட்டம் நிக்கும். பேஸ்காரனை எவன் பாத்தான்? அவன் நிறுத்தினாத்தான் என்னமோ குறையுதேன்னு தலையைச் சொறிவாங்க. என்ன குறையுதுன்னும் சொல்லத் தெரியாது.

சமஸ்தானம் இருந்தவரைக்கும் அவன் அரண்மனை பேண்டுல இருந்தான். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், ஒரு மிடுக்கு. நாப்பத்தெட்டுல சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்ததும் பேண்டும் கலைஞ்சு போச்சு. கோட்டைக் கழட்டிட்டு வீட்டுக்கு வந்தவங்கள்ல கிளாரினெட்டு வீரய்யா கெட்டிக்காரன். அவனும் மச்சுவாடிதான், அதே தெருதான், உள்கோடியில வீடு. அங்கிட்டும் இங்கிட்டும் கிடந்த வாத்தியங்களைச் சேத்து, பதினாறு பேரைப் பிடிச்சு, கல்யாணத்துக்கு வாசிக்க ஒரு செட்டுக் கட்டினான். ராசா காலத்து மார்ச்சு எல்லாம் அப்ப எவனுக்கு வேணும்? எல்லாரும் கேட்டது சினிமாப் பாட்டு. டெண்டுக் கொட்டாயில ஒரே படத்தை மூணு தடவை பாத்து, பாட்டை மண்டையில ஏத்திக்கிட்டு வந்து, மறுநாள் ஊர்வலத்துல வாசிச்சுருவாங்க. வீரய்யாவை எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிட்டாங்க. ஆண்டிச்சாமியும் அப்படித்தான் கூப்பிட்டான்.

ஆண்டிச்சாமிக்கு ஒரு பாட்டு பிடிக்கணும்னா அதுல பேஸுக்கு வேலை இருக்கணும். ராசாராணிப் படம் ஒண்ணுல பட்டாபிஷேகப் பாட்டு வரும். யானை நடக்கிற மாதிரி நிதானமா அடி வச்சுப் போகணும், அது பிடிக்கும். ஓடக்காரன் பாட்டு ஒண்ணு, ஒரே சுரத்தை மூச்சு தீர்ற வரைக்கும் இழுத்துப் பிடிக்கணும், அதுவும் பிடிக்கும். காமெடிக்காரன் பாட்டு மட்டும் ஆகவே ஆகாது. "கிளாரினெட்டு கீச்சுகீச்சுன்னு கத்தும், நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கிட்டே வரணுமாக்கும்?" என்பான்.

எல்லாத்துக்கும் மேல ரயில் பாட்டு. படத்துல ஒரு பொண்ணு ஊரை விட்டு ரயில்ல போறா, சன்னலோரம் உக்காந்து பாடுறா. பாட்டுக்கு முந்தி எஞ்சின் கிளம்பணுமில்ல? அந்த எஞ்சினே ஆண்டிச்சாமிதான். எட்டு ஊது, தனியா, வேற சத்தமே இல்லாம. முதல் ரெண்டும் கனமா இழுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வேகம் பிடிக்கும். எட்டாவது ஊது முடிஞ்சாத்தான் மூக்கனோட டிரம்மு விழணும், டிரம்மு விழுந்தாத்தான் கிளாரினெட்டு. முந்திக்கிட்டு எவனாவது வாயை வச்சான்னா அன்னிக்கு ஆண்டிச்சாமி பந்தியில உக்கார மாட்டான், அப்படி ஒரு கோவம் வரும். அந்தச் சட்டத்தைப் போட்டவனே அவன்தான். அதை ஞாபகம் வச்சுக்கங்க.

அந்தப் பாட்டு மேல அவனுக்கு அவ்வளவு ஆசை வந்ததுக்குக் காரணம், அவனைப் பெத்த கண்ணாத்தாள். நாப்பது வயசுலயே அவளுக்குக் காது சுத்தமா போச்சு. இடி இடிச்சா, "எதுக்குடா எல்லாரும் வானத்தைப் பாக்குறீங்க?"ன்னு கேப்பா. ஆனா மகன் வீட்டுக்குள்ள ரயில் பாட்டை வாசிச்சுப் பழகுறப்ப வந்து செவுத்துல உள்ளங்கையை வச்சுக்குவா. மத்த எந்தச் சத்தமும் அவளுக்கு ஏறாது. மகன் ஊதுறது மட்டும் செவுத்து வழியா கைக்கு வந்து நெஞ்சுல இறங்கிரும். "கெளம்பிருச்சுடா"ன்னு சிரிப்பா. எட்டையும் விரல் விட்டு எண்ணுவா. "நான் போற அன்னைக்கு இதை வாசிச்சு அனுப்பு சாமி. அழுவாச்சிப் பாட்டெல்லாம் எனக்கு வேணாம்"னு சொல்லி வச்சிருந்தா.

அம்பத்தஞ்சு ஆவணியில ஒரு விடிகாலையில அவ போய்ச் சேந்தா.

செட்டுக்காரங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. செட்டு ஆளு வீட்டுல சாவு விழுந்தா மொத்தச் செட்டும் வந்து நின்னு வாசிச்சு அனுப்பணும். இதை யாரும் எழுதி வைக்கலை, யாரும் மீறினதும் இல்லை. ஆண்டிச்சாமி சட்டைகூடப் போடாம வீரய்யா வீட்டுக்கு ஓடினான். அங்க செட்டு ஆளுக கோட்டை மாட்டிக்கிட்டு லாரியில ஏறிக்கிட்டிருந்தாங்க. கந்தர்வக்கோட்டையில முந்திரித் தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணம்.

"மாஸ்டர், ஆத்தா போயிருச்சுங்க."

வீரய்யா உச்சுக் கொட்டினான். "அடடா. பெரிய எடத்துக் கல்யாணமாப் போச்சேப்பா. சொன்ன சொல்லை மாத்த முடியுமா?"

"ஒரே ஒரு பாட்டுங்க. மயானத்துக்குக்கூட வர வேணாம். தெருமுனை வரைக்கும் வாசிச்சிட்டு நீங்க கெளம்பிருங்க."

"நேரமாச்சு ஆண்டி." வீரய்யா லாரியில காலை வச்சான். "உசுரோட இருந்தப்பவே ஒங்க ஆத்தாளுக்குக் காது கேக்காது. செத்த பொறவா கேக்கப் போவுது?"

லாரியில நாலு பேரு சிரிச்சாங்க. மூக்கன் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். லாரி போயிருச்சு.

கொள்ளிச்சட்டி தூக்குறவன் பேஸைத் தூக்க முடியுமா? கண்ணாத்தாள் அந்தத் தெரு வழியா ஒரு சத்தம் இல்லாம போனா. ஆண்டிச்சாமிக்குக் கேட்டதெல்லாம் நடக்கிறவங்க காலடிதான். அந்தக் காலடிச் சத்தமும், லாரியில கேட்ட சிரிப்பும் அவன் காதுக்குள்ளயே குடியிருந்துச்சு.

காரியம் முடிஞ்ச மறுநாள் அவன் கோட்டை மாட்டிக்கிட்டுச் செட்டுக்குக் கிளம்பினதைப் பாத்துப் பொண்டாட்டி செவந்திக்கு ஆத்திரமா வந்துச்சு. "அந்தாளு மூஞ்சியில எப்படிங்க முழிக்கப் போறீங்க?"

"முழிச்சாத்தானடி அவன் வீட்டு விசேஷத்துல நான் நிக்க முடியும்" என்றான் ஆண்டிச்சாமி. "அவனுக்கு இருக்கிறது ஒரே மக. கட்டிக் குடுத்து அனுப்புறப்ப இந்தத் தெரு வழியாத்தானே போகணும்? நம்ம வாசலைத் தாண்டித்தானே போகணும்? எங்க ஆத்தாளைச் சத்தமில்லாம அனுப்பினான்ல. அவன் மகளும் அப்படித்தான் போவா."

வீரய்யா மக அழகம்மாளுக்கு அப்ப பத்து வயசு. எட்டு வருசம் பொறுத்திருந்தான் மனுசன். எட்டு வருசமும் ஒரு ஊது பிசகலை, ஒரு நாள் லேட்டா வரலை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. வீரய்யா மாலையும் கழுத்துமா நிக்கிறப்ப இவனுக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும், வாயி பாட்டுக்கு ஊதிக்கிட்டிருக்கும். வீரய்யாவோ, "ஆண்டி தங்கமான ஆளு, எதையும் மனசுல வச்சுக்க மாட்டான்"னு போற எடமெல்லாம் சொன்னான். ஒரு சாவுக்கு வராததுக்கு இம்புட்டு வன்மமான்னு கேக்கிறவங்க கேக்கலாம். அவங்க ஆத்தாளும் ஒரு நாள் அப்படிப் போகட்டும், அப்புறம் வந்து எனக்குப் புத்தி சொல்லட்டும்.

அறுபத்துநாலு தை மாசம் அழகம்மாளுக்குக் கல்யாணம் கூடுச்சு. ஆவுடையார்கோவில் பக்கத்து மாப்பிள்ளை. சம்பந்தி ரெங்கசாமி வெத்தலையை எடுத்தாக்கூடச் சகுனம் பாத்து எடுக்கிற ஆளு. கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி வீரய்யாவே ஆண்டிச்சாமி வீட்டுக்கு வந்தான். அந்த எட்டு வருசத்துல அவன் அந்த வாசல்படியை மிதிச்சது அன்னைக்குத்தான்.

"புள்ள ஆசைப்படுது ஆண்டி. சின்னதுலேருந்து ரயில் பாட்டுன்னா அதுக்கு உசுரு. அனுப்புறப்ப ஒன் வீட்டுக்கிட்ட வந்ததும் அதை எடுத்துரு. ரோட்டுல பிளெசர் கார் நிக்கிற எடம் வரைக்கும் சரியா இருக்கும். நீ எடுத்துக் குடுத்தாத்தான் அது பாட்டு."

"ஆகட்டுங்க மாஸ்டர்" என்றான் ஆண்டிச்சாமி. அன்னைக்கு அவன் ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

செவந்திக்கு விசயம் புரிஞ்சு போச்சு. "அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு?"

"எங்க ஆத்தா என்னடி பண்ணுச்சு?"

செவந்தி தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, பொண்ணு கிளம்புறப்ப பகல் பதினொரு மணி இருக்கும். வீரய்யா பட்டு வேட்டியில சம்பந்தியோட முன்னால நடந்தான். அன்னைக்கு அவனுக்குப் பதிலா கிளாரினெட்டு வாசிச்சது சந்தனம்னு ஒரு செட்டு ஆளு. பட்டாபிஷேகப் பாட்டு முடிய, ஆண்டிச்சாமி வீடு வர, சரியா இருந்துச்சு. செட்டு நின்னுச்சு. பொம்பளைங்க குலவையை முடிச்சிட்டு அடுத்த பாட்டுக்குக் காத்துக்கிட்டிருந்தாங்க. ஆண்டிச்சாமி பேஸுல வாயை வச்சான். மூக்கன் ரெண்டு குச்சியையும் தூக்கிப் பிடிச்சான்.

ஆண்டிச்சாமி ஊதலை.

வாயை எடுத்துட்டு நேரா வீரய்யாவைப் பாத்துக்கிட்டு நின்னான். மூக்கன் குச்சி அந்தரத்துலயே நின்னுச்சு. எட்டு ஊது வராம எவனும் தொடக்கூடாது, அதுதானே சட்டம். வீரய்யா சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டினான், எடுங்கப்பான்னு. சந்தனம் பதறிப்போய்க் கிளாரினெட்டுல ரெண்டு சுரம் வாசிச்சுப் பாத்தான். எஞ்சின் இல்லாத ரயிலாட்டம் அது நின்னு போச்சு.

அடுத்து நடந்ததை ஆண்டிச்சாமியே நினைச்சிருக்கலை. ஊர்வலத்துல போற செட்டு நடுத்தெருவுல வாயை மூடுறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான், சாவு வீட்டு வாசலைத் தாண்டுறப்ப. அது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. கூட்டத்துல முதல்ல மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு ஒருத்தரு தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டினாரு. அவரைப் பாத்து இன்னொருத்தரு. குடை பிடிச்சிருந்தவன் குடையைச் சுருக்கினான். பொம்பளைங்க முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டாங்க. கல்யாணக் கூட்டம் மொத்தமும் கண்ணாத்தாள் வாசலைப் பாத்துத் தலையைக் குனிஞ்சு நின்னுச்சு.

ரெங்கசாமி முகம் கறுத்துப் போச்சு. "சம்பந்தி, இந்த வீட்டுல யாரு தவறுனது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாமயா செட்டு நிக்குது? சாவு வீட்டை மறைச்சு அந்த வாசல் வழியா எங்க புள்ளையைக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா? யாருன்னு சொல்லுங்க. தெரியாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

வீரய்யா மூஞ்சியில ஈயாடலை. ஆண்டிச்சாமியைப் பாத்தான். ஆண்டிச்சாமி கண்ணை எடுக்கலை. சொல்லு, ஒன் வாயாலயே சொல்லுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டான்.

"இவன் ஆத்தா" என்றான் வீரய்யா. "கண்ணாத்தாள்னு பேரு."

"எப்ப?"

"எட்டு வருசம் ஆச்சுங்க."

"எட்டு வருசமா? அதுக்கு இன்னைக்கு ஏன் செட்டு நிக்குது?"

வீரய்யா தோள்ல கிடந்த பட்டுத் துண்டை எடுத்துக் கையில சுருட்டிக்கிட்டான். "அன்னைக்கு நாங்க வாசிக்கலைங்க. ஒரே ஒரு பாட்டுன்னு இவன் வந்து நின்னான். நான்தான் வர மாட்டேன்னுட்டேன். ஒங்க ஆத்தாளுக்குத்தான் காது கேக்காதேன்னு சொன்னேன். நாலு பேரு சிரிச்சாங்க."

சம்பந்தி வீரய்யாவை ஏற இறங்கப் பாத்தாரு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் மாஸ்டர்ங்கிற பேருல என்ன மிச்சம் இருக்கு?

ஆண்டிச்சாமி திரும்பினான். பொண்ணு மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி, பேஸோட வாயை அவன் வீட்டுச் செவுத்துக்கு நேரா வச்சு, ஊதினான். முதல் ரெண்டும் கனமா. எட்டாவது முடிஞ்சதும் மூக்கன் டிரம்மு விழுந்துச்சு. சந்தனம் எடுத்தான். ரயில் பாட்டு முழுசும், ஒரு அடி விடாம, அந்த வீட்டைப் பாத்தே வாசிச்சாங்க. முடியுற வரைக்கும் கல்யாணக் கூட்டம் வெயில்ல நின்னுச்சு. அழகம்மாளும் மாலையோட தலைகுனிஞ்சு நின்னா. வீரய்யாவும் நின்னான்.

பாட்டு முடிஞ்சதும் ஆண்டிச்சாமி பேஸைக் கழட்டி வாசல்படியில வச்சான். யாரையும் பாக்காம உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். மகளுக்குன்னு வச்சிருந்த பாட்டு அதோட தீந்து போச்சு, இன்னொரு தடவை எடுன்னு கேக்க அங்க எவனுக்கும் வாய் வரலை. வேற பாட்டு வாசிக்கவும் சந்தனத்துக்குத் துணிச்சல் இல்லை. ரோட்டுல நிக்கிற பிளெசர் வரைக்கும் வீரய்யா மக சத்தமில்லாம நடந்து போனா. கதவுக்குப் பின்னால நின்னு அந்தக் காலடிச் சத்தத்தை ஆண்டிச்சாமி கடைசி வரைக்கும் கேட்டான்.

அப்புறம் திரும்பிப் பாத்தா, செவந்தி செவுத்தோரம் நின்னா. உள்ளங்கையை அதுலருந்து அவ இன்னும் எடுக்கலை.

"மனசு ஆறிருச்சா?" என்று கேட்டா.

"இல்லை" என்றான். அவ கையைப் பாத்துட்டு, "செவுரு அதிர்ந்துச்சா?" என்றான்.

"அதிர்ந்துச்சுங்க. எட்டும் வந்துச்சு."