களிமண் குழியும் அத்தையின் கிணறும்

ஏரியிலிருந்து மாட்டு வண்டிகளில் கறுப்புக் களிமண் வந்து இறங்கிய அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. விருத்தாசலத்துக்கு மண் வருவது புதிதல்ல. பொம்மைக்கும் சாடிக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் இந்த மண் குழிக்குள் போனது. பீங்கான் ஆலைக்குப் பின்னால் வெட்டியிருந்த பெரிய குழியின் அடியிலும் பக்கச் சுவர்களிலும் ஆட்கள் அதை ஈரத்தோடு பரப்பி மிதித்தார்கள். எங்கள் கடலைக் கொல்லையின் வரப்பில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, என் மாமியாரான அத்தை வெயிலில் நின்று பார்த்தார். "ஓரத்துல மட்டும் பூசிட்டு அடியில சும்மா வுட்டுடுவானுங்க" என்றார் என்னிடம்.

அது அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகி வந்த நான் அதே ஆலையில், பீங்கானுக்குப் பளபளப்பு தரும் கிளேஸில் சாமான்களை முக்கியெடுக்கும் வேலை பார்த்தேன். கிளேஸில் ஈயம் இருக்கும். கழுவிய தண்ணீரையும் வண்டலையும் அதுவரை வெட்டவெளியில்தான் கொட்டினார்கள். ஒரு மழையில் அது வழிந்து எங்கள் கொல்லையில் தேங்க, அதைக் குடித்த ஆடு செத்துப்போனது. அத்தை ஆலை வாசலில் போய்க் கத்திய கத்தலில்தான் கழிவைத் தேக்க அந்தக் குழியே வந்தது. எங்களுக்கிருந்த ஒரே கிணறோ குழிக்குக் கூப்பிடு தூரம்.

அத்தைக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. வேப்பூரில் வாங்கிய விதைக்கடலையை மூட்டையின் அடிவரை கைவிட்டுக் கிளறிப் பார்ப்பார். ஆலையில் சம்பளம் வாங்குவதால் என்மேலும் சந்தேகம். "நீ அவங்க பக்கந்தான பேசுவ" என்று ஒரே வார்த்தையில் என்னை ஒதுக்கிவிடுவார்.

ஆலை மேனேஜரை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். அன்று அவர் வரப்புக்கே வந்தார். "அம்மா, ஏரித் தண்ணிய எது புடிச்சு வெச்சிருக்குது? இந்த மண்ணுதான். கீழ எறங்க வுடாது" என்றார்.

"ஏரி மட்டும் வத்தாமயா இருக்குது பாய்?" என்று கேட்டார் அத்தை.

பாய் வாதாடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திரும்பும்போது எங்கள் கொல்லை வழியாக வந்து, கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அடுத்த வெள்ளியும் வந்தார். அதுவே வழக்கமாகிவிட்டது. அக்கம்பக்கத்தாரின் பயம் தெளிந்தது. அத்தைக்குத் தெளியவில்லை. "முன்னாடியே எதாவது மாத்திர போட்டுக்குனு வராரோ என்னமோ" என்பார்.

சில வருஷம் கழித்து, ஒரு கோடையில் சூளை பழுதாகி ஆலை மூடிக் கிடந்தது. கழிவுத் தண்ணீர் விழாததால் குழி காய்ந்து, களிமண் பாளம் பாளமாக வெடித்தது. ஆலை திறந்ததும் பழையபடி கழிவை விட்டார்கள். குழி நிரம்பவே இல்லை.

பாய் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் வந்தார். அத்தை நீட்டிய டம்ளரை வாங்கவில்லை. "இந்தத் தண்ணி இனிமே வேணாம்மா. அடியில வெடிப்பு வுட்டிருக்குது. வெளிய சொல்லக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. எனக்கு மனசு கேக்கல."

அவர் போனதும் அத்தை சொன்னார்: "கெணறு கெட்டுப்போச்சுன்னு சொல்லி நம்ம கொல்லையப் புடுங்கப் பாக்குறாங்க. இத்தினி நாளு தண்ணி குடிச்சதே இதுக்குத்தான்."

நான் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தேன். எனக்கு மட்டும் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து வைத்துவிட்டு, அவர் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். கெஞ்சிப் பார்த்தேன். "அவரு சொல்றது பொய்யின்னா எனக்கு ஒண்ணும் ஆவாது. நெசம்னா தெரிஞ்சுபுடும்" என்றார். பயந்துபோய் ஆலையில் பாயிடம் சொல்லிவிட்டேன்.

உடனே வந்தார். தானே வாளியை விட்டு இறைத்து, டம்ளரில் ஊற்றிக்கொண்டார். "நீங்க நம்புற வரைக்கும் நானும் குடிக்கிறேம்மா" என்று வாயருகே கொண்டுபோனார்.

அத்தை பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். தண்ணீர் பாயின் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது. "புள்ளகுட்டிக்காரரு நீங்க! ஒங்க வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார்.

மறுநாள் அத்தை தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஆலை வாசலுக்குப் போனார். "வெடிச்சது நெசந்தான்" என்று முதலாளியின் முன்னாலேயே பாய் சொன்னார். வேலை போய்விடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து முதலாளி அடங்கிப்போனார். குழியைக் காலி செய்து புதுக் களிமண் மிதித்தார்கள். காயாமல் இருக்க மேலே மண் பரப்பித் தண்ணீர் தெளித்துவந்தார்கள். குப்பைக் கிடங்குகளுக்கு அடியில் களிமண் விரிப்பதாக இப்போது செய்தி படிக்கும்போதெல்லாம், அது காய்கிறதா என்று யார் போய்ப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. அத்தையின் குணம் என்னையும் தொற்றிக்கொண்டது போலும்.

கிணற்றை முள் போட்டு மூடினோம். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அத்தை வேப்பமரத்தடியில் ஒரு குடம் குழாய்த் தண்ணீரை வைத்துவிட்டு, பாய் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னும் எதற்கு இது என்று ஒருநாள் கேட்டேன்.

"இது இல்லன்னா முள்ள எடுத்துட்டு கெணத்துல எறைச்சாலும் எறைப்பாரு" என்றார். "அந்த ஆள நம்ப முடியாது."