கெக்கோவாவுக்கு ஒரு பஸ் நிறையச் சனம்

இந்தத் தொழிலில் கோட்டையும் கோயிலும் மற்றவர்கள் பார்ப்பதற்கு. எனக்குத் தலை எண்ணவே நேரம் சரியாக இருக்கும். உறவினர்களை ஒரு வேனில் அடைத்துக் கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆள் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் என் கட்சிதான். நெஞ்சு எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மெல்பர்னில் ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் தமிழ்ச் சனத்தைத் துருக்கிக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. சரித்திரம் சொல்ல எலிஃப் என்று ஓர் உள்ளூர்ப் பெண் கூட வருவாள். மாத்திரை, பாஸ்போர்ட், கழிப்பறை, புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் என் இலாகா. நான் சொல்லப் போவது போன பயணத்தில் ஒரேயொரு நாளைப் பற்றி. அந்தாலியா நகரத்திலிருந்து காலையில் பஸ்ஸில் புறப்பட்டு, கடலோரமாகவே தெம்ரே என்ற ஊருக்குப் போவோம். அங்கே ஒரு பழைய தேவாலயம், ஒரு பழைய அரங்கு. பிறகு படகேறிக் கெக்கோவா தீவுக்குப் போனால், பூமி நடுக்கத்தில் கடலுக்குள் இறங்கிப்போன ஒரு பட்டினத்தின் சுவர்களையும் படிகளையும் தண்ணீருக்கடியில் பார்க்கலாம். பயணத் திட்டத்தில் இதை வாசிக்கும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

கிரெய்கிபர்ன் மண்டபத்தில்

பயணத்துக்கு முன்னால் எல்லோரையும் ஒரு சனிக்கிழமை மெல்பர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, திரையில் படம் போட்டுக் காட்டுவது வழக்கம். உண்மையில் அது எனக்காக. யார் படியேற மாட்டார்கள், யார் சொன்ன பேச்சுக் கேட்க மாட்டார்கள் என்பதை முகத்தைப் பார்த்து முடிவு கட்டிக்கொண்டால் இரவில் கொஞ்சம் நித்திரை வரும். அன்றைக்கு முன்வரிசையில் பிலோமினா அன்ரி இருந்தார். மன்னார்க்காரர், எழுபதைத் தாண்டியவர். இரண்டு முழங்காலும் சரியில்லை. அவர் கதிரையில் இருந்து எழும்புவதைப் பார்த்தபோதே என் கவலை தொடங்கிவிட்டது.

அவரை மெல்லப் பின்வாங்க வைக்கலாம் என்று நினைத்து, படங்களில் இருந்த கல்லையும் முள்ளையும் வெயிலையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். "அன்ரி, எல்லாம் இடிஞ்ச கட்டடம். கால் வைக்கவே கஷ்டம்," என்றேன். அன்ரி திரையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார்.

"இடிஞ்ச கட்டடத்துக்குள்ள நடக்க எங்களுக்குப் பழக்கிக் காட்ட வேணுமே பிள்ளை? இது ஆர் இடிச்சது எண்டு மட்டும் சொல்லும்."

எழும்பாத பக்தி

தெம்ரேயில் இருப்பது புனித நிக்கலஸின் தேவாலயம். உலகம் முழுக்க நத்தார் தாத்தா, அதாவது கிறிஸ்மஸ் தாத்தா, என்று கொண்டாடுகிறவர் அங்கே ஆயராக இருந்தவர். உள்ளே போனால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உடைந்த கல்லறைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைக் கண்டதும் பிலோமினா அன்ரி நிலத்துக் கல்லில் முழங்காலில் விழுந்தார். நான் தடுக்க முன்னமே விழுந்துவிட்டார். எங்கள் ஆட்கள் சுற்றி நின்று தலையைக் குனிந்தார்கள். யாரோ மெல்லிய குரலில் செபமாலையைத் தொடங்க, மற்றவர்கள் கூடச் சொன்னார்கள்.

எனக்கும் முதலில் கண் கலங்கியது, உண்மை. பிறகு மற்ற யோசனைகள் வந்தன. பின்னால் ரஷ்யப் பயணிகளின் வரிசை நீண்டுகொண்டே போனது. காவலாளி எட்டிப் பார்த்தார். எலிஃப் தன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினாள். அன்ரியின் நெற்றியில் வியர்வை வடிந்தது. இரத்த அழுத்தமா, சீனியா, காலையில் மாத்திரை போட்டாரா? செபத்தைக் குழப்பவும் பயம், குழப்பாமல் விடவும் பயம். கடைசியில் குனிந்து, "அன்ரி, சுகமா இருக்கிறீங்களோ?" என்று காதுக்குள் கேட்டேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். நானும் இரண்டு ரஷ்யப் பெண்களுமாகத் தூக்கி நிறுத்தினோம். ஒரு தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டு அன்ரி சொன்னார்:

"நான் செபிச்சு முடிஞ்சு கனநேரம் பிள்ளை. எழும்ப ஏலாமக் கிடந்தனான். நீங்கள் எல்லாரும் அதைப் பக்தி எண்டு நினைச்சு விட்டிட்டீங்கள்."

அரங்கில் கேட்ட குரல்

அடுத்தது மைரா, தெம்ரேயின் பழைய பட்டினம். செங்குத்தான மலையில் வீடு வீடாகக் குடைந்த கல்லறைகள். அதன் அடிவாரத்தில் பெரிய கல் அரங்கு. வாசலுக்குத் திரும்பி வந்து எண்ணினால் செந்திலைக் காணோம். செந்தில் தமிழ்நாட்டுக்காரர். மெல்பர்னில் ட்ருகனினா என்ற பகுதியில் புதுவீடு கட்டிக் குடிபோனவர். கணினி வேலை. அவருடைய மனைவி காயத்ரி நிழலில் இருந்து தொப்பியால் விசிறிக்கொண்டு, "இங்கதான் எங்கயாவது நிப்பாருக்கா," என்றார். அவருக்கு வந்த நிம்மதி எனக்கு வரவில்லை. தடுப்பைத் தாண்டி மலையில் ஏறிச் சறுக்கியிருப்பாரோ? வெயிலில் மயங்கி ஏதாவது சுரங்கத்துக்குள் கிடப்பாரோ? போனும் எடுபடவில்லை, யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகவே காட்டியது. அரங்கின் உச்சிப் படிக்கு ஏறினால் எல்லா இடமும் தெரியும் என்று மூச்சு வாங்க ஏறினேன்.

உச்சியில் போய் நின்றபோது, பக்கத்தில் ஆள் நின்று பேசுவதுபோல் ஒரு குரல் கேட்டது. "இல்ல சார், வீட்லதான் இருக்கேன். ட்ருகனினாலதான். உடம்பு அனலாக் கொதிக்குது சார்." கீழே பார்த்தேன். அரங்கின் நட்ட நடுவில், சிக்னல் கிடைத்த இடம் அதுதான் போல, செந்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் நின்றார். "சத்தமா? அது பக்கத்து மனையில வீடு கட்றாங்க சார்." அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் ஊருக்கே கேட்கும்படி கட்டிய அரங்கு அது. தேடி எனக்குப் பின்னால் வந்து படிகளில் நின்ற எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே படியில் இருந்துவிட்டேன். காயத்ரி வாசலிலிருந்து உள்ளே வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழே பார்த்தார். அவர் சொன்னதும் அரங்கு முழுக்கக் கேட்டது:

"காய்ச்சல் எத்தன டிகிரின்னு கேளுங்கக்கா, கட்டினவளுக்கே இப்பத்தான் தெரியுது."

இறங்குதுறை

படகுத்துறைக்கு வந்தபோது நாளின் கஷ்டமெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இனி நடக்க வேண்டாம், ஏற வேண்டாம். படகில் இருந்தால் போதும். அடியில் கண்ணாடி வைத்த படகு. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அன்ரன் அண்ணை மட்டும் பலகையில் ஒரு காலை வைத்தபடி நின்றார். இவர் யாழ்ப்பாணத்துக் கரையோரத்துக்காரர். கிரெய்கிபர்னில் வீடு, ஒரு களஞ்சியசாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மனைவி ஜெனியும், இந்த வருடம்தான் ஹைஸ்கூலுக்குப் போன மகள் ஷெரினும் கூட வந்திருந்தார்கள். காலையிலிருந்து பிலோமினா அன்ரியின் பையைக் கேட்காமலே சுமந்தவர் அவர்தான்.

அன்ரி கழிப்பறைக்குப் போயிருந்ததால், காத்திருக்கும் நேரத்துக்குக் கப்டன் எஞ்சினை நிறுத்தினார். அன்ரன் அண்ணை வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"என்ன அண்ணை, வயித்தைப் பிரட்டுதோ? குளிசை இருக்கு," என்று மாத்திரைப் பையைத் திறந்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஜெனி என் பக்கத்தில் வந்து, "அக்கா, அவர் படகில வந்தவர்," என்றார்.

மெல்பர்னில் எங்கள் ஆட்களுக்குள் அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். மீன்பிடிப் படகில் நெருக்கியடித்து ஏறி, கரை தெரியாத கடலில் நாள்கணக்காகக் கிடந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தவர் என்று அர்த்தம். வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், நாங்களும் கேட்பதில்லை. நானோ படகுப் பயணத்தைத்தான் அந்த நாளின் விசேஷம் என்று திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டியிருந்தேன்.

"முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஜெனி?"

"ஏறுவன் எண்டுதான் சொன்னவர் அக்கா. பிள்ளை ஆசைப்பட்டவள்."

ஷெரின் படகிலிருந்து எட்டி, "அப்பா, இட்ஸ் லைக் எ லேக். ப்ளீஸ்," என்றாள். அவர் ஏறவில்லை. கப்டனிடம் லைஃப் ஜாக்கெட்டைக் காட்டச் சொன்னார். கப்டன் இருக்கைக்கு அடியில் கையைக் காட்டினார். அது அவருக்குப் போதவில்லை. வெளியே எடுக்க வைத்து, ஒவ்வொன்றாக வாரை இழுத்துப் பார்த்தார். கொளுக்கி உடைந்த ஒன்றைத் தள்ளி வைத்தார். நல்ல செம்மஞ்சள் ஜாக்கெட் ஒன்றை மகளுக்கு மாட்டிக் கழுத்துவரை இறுக்கினார். உள்ளே யாரோ சிரித்தார்கள். பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. "நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் இதில நிக்கிறன்," என்றார் அண்ணை.

ஒருவரையும் தனியே விடக்கூடாது என்பது எங்கள் சட்டம். கூட்டத்தை விட்டு நான் பிரியக்கூடாது என்பதும் சட்டம். அன்ரியும் ஜெனியும் ஏறியதும், மற்றவர்களை எலிஃபிடம் கொடுத்துவிட்டுத் துறையில் நின்றேன். படகு முனையைச் சுற்றி மறைந்தபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எண்ணுவதற்கு எனக்கு முன்னால் ஒரேயொரு தலைதான் இருந்தது.

தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. கடலைப் பார்த்தபடியே, "எஞ்சின் ஓடேக்கை ஒண்டும் தெரியாது தங்கச்சி," என்றார். "அது நிண்டாப் பிறகு ஒரு அமைதி வரும். பிள்ளையள்கூட அழாதுகள்."

வரவேண்டிய நேரம் தாண்டியது. எங்கள் படகுக்குப் பின்னால் போன படகுகளெல்லாம் திரும்பி வந்தன. எலிஃபின் போன் வேலை செய்யவில்லை. "எங்கையாவது குளிக்க விட்டிருப்பினம் அண்ணை," என்று சொன்னேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் துறைக்குப் பக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். நான் அந்தச் சப்பாத்துகளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. கண்ணாடிக்கு அடியில் சுவரைப் பார்க்க எஞ்சினை நிறுத்தியிருப்பார்கள், திரும்ப அது ஓடவில்லையோ என்று மனம் போகத் தொடங்கிவிட்டது.

முனையைச் சுற்றி ஒரு படகு வந்தது. தூரத்திலேயே அதன் முன்பக்கத்தில் ஒரேயொரு செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. அன்ரன் அண்ணை கையை உயர்த்தவில்லை, கூப்பிடவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தண்ணீருக்குள் நின்றார். கடலில் ஐஸ்கிரீம் விற்கிற சின்னப் படகு ஒன்று பக்கத்தில் வந்து கட்டியதாம். பிலோமினா அன்ரி எது வேண்டுமென்று முடிவெடுக்கத்தான் அவ்வளவு நேரம் எடுத்ததாம். மற்ற எல்லோரும் கையைக் காலை ஆட்டிக்கொண்டு சுதந்திரமாக இறங்கினார்கள். ஷெரின் அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை பூட்டிய ஜாக்கெட்டோடு குதித்து, நேரே தகப்பனிடம் போனாள்.

"எல்லாரும் கழட்டச் சொன்னவை அப்பா, ஐ டிடின்ட். தூரத்தில இருந்து பாத்தா உங்களுக்கு இதுதானே தெரியும்."

வளைவுப் பாதை

திரும்பும் பாதை ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நேரே கடல். வளைவுக்கு மேல் வளைவு. சாரதி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் சூரியகாந்தி விதை கொறித்தார். பிலோமினா அன்ரி கண்ணை மூடிச் செபமாலை உருட்டினார். இந்தத் தடவை அது பக்திதான். செந்திலுக்கு உண்மையாகவே உடம்பு முடியாமல் போய், காயத்ரி அவர் முகத்துக்கு நேரே வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல எழும்பி, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு பின்னுக்குப் போனேன்.

கடைசிக்கு முன் வரிசையில் அன்ரன் அண்ணை கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். நனைந்த காற்சட்டை இன்னும் காயவில்லை. மகள் அவருடைய தோளில் சாய்ந்து போனில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டியதும் ஜெனி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஓடுற வாகனத்தில இவர் நித்திரை கொண்டு நான் கண்டதேயில்லை அக்கா. தொடாமல் எண்ணுங்கோ."

சும்மா வீட்டில் இருந்தாலும் நான் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கப்போகிறேன் என்பதால், அதையே சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறேன்.