கடைசி ஆள் கேட்டைச் சாத்தணும்

குளிர்காலத்தில் நான் ஓடியதற்கு ஒரே காரணம் நோலீன் டக்கட். விடிவதற்கு முன்பே வந்து என் படுக்கையறை ஜன்னலைக் கார் சாவியால் தட்டுவாள். எங்கள் நாய்கூடக் கூடையை விட்டு எழாத நேரம் அது. எழுந்திருக்காவிட்டால் தட்டிக்கொண்டே இருப்பாள், பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், மானம் போகும். ஆகவே நான் ஓடியது ஆரோக்கியத்துக்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக.

நியூசிலாந்தின் தென்கோடி எங்கள் ஊர். தெற்கேயிருந்து வரும் காற்றைத் தென்றல் என்று யாராவது எங்களிடம் சொன்னால் உதைப்போம். ஜூன் பிறந்ததும் அது பனிப்பாறைகளிலிருந்து நேராகக் கிளம்பி, வழியில் எங்கும் நிற்காமல், என் சட்டைக் கழுத்துக்குள் வந்துதான் உட்காரும். அந்த மாதங்கள்தான் எங்கள் ஓட்டக் கழகத்தின் பருவம். வெயிலில் ஓட யாரால்தான் முடியாது என்பது நோலீனின் வாதம்.

எனக்கு மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடை. என் உடம்பில் ஓடுவது பாதி ரத்தம், பாதி எண்ணெய். நோலீன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அறுபதை நெருங்கியவள். ஒல்லி உடம்பு, நீளக் கை, அதைவிட நீள நாக்கு. என்னை எழுப்ப அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. முதல் கேட் வரைக்கும் மட்டும் வா ஷோனா, அப்புறம் வேண்டுமானால் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள் என்பாள். முதல் கேட்டுக்குப் போன பிறகு யார் திரும்புவார்கள்? அதற்குள் தூக்கம் செத்திருக்கும்.

நாங்கள் ஓடுவது ஆட்டு மேய்ச்சல் நிலங்களின் ஊடே. வழிநெடுகக் கேட்டுகள். உறைபனியில் கிடந்த சங்கிலியைத் தொட்டால் விரல் நெருப்பில் பட்டதுபோல் எரியும். அதற்கும் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: குளிரைப் பற்றி யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்தான் அடுத்த கேட்டைத் திறந்து மூட வேண்டும். பத்து வருடமாக எல்லாக் கேட்டையும் நானே திறந்து மூடினேன் என்பதிலிருந்து என் வாயைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

அப்படிப்பட்டவளுக்குப் போன வசந்தத்தில் நெஞ்சுவலி வந்தது. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வந்த வலி. பேருந்தைச் சாலையோரம் ஒழுங்காக நிறுத்தி, கைப் பிரேக் போட்டு, மாலை வண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். இன்வர்கார்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிறகு வேறு ஊரில் இதயக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். முதலில் நடங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடலாம், தடையில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

டாக்டர் சொன்னது ஊருக்குப் போதவில்லை. எங்கள் ஊரில் யாரும் எதையும் நேரில் சொல்லமாட்டார்கள். இறைச்சி வேகவைத்துப் பாத்திரத்தோடு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நோலீன் வீட்டில் பாத்திரம் வைக்க இடமில்லாமல் போனது. கடைத்தெருவில் அவளைக் கண்டால் எல்லாருக்கும் குரல் இறங்கிவிடும். “இன்னும் கொஞ்ச நாள்ல என்னைப் பாத்ததும் சவ வண்டியப் பாத்த மாதிரி தொப்பியக் கழட்டுவானுங்க, பாரு” என்று என்னிடம் பல்லைக் கடித்தாள்.

எல்லாரையும்விட மோசம் அவள் கணவன் கோலின். வேலி அடிப்பவன், கேட் மாட்டுபவன். சுற்றுவட்டாரத்தில் பாதி மேய்ச்சல் நிலத்தில் அவன் கைவேலைதான். பேச்சு குறைவு. அவள் ஓடும் காலணிகளை எடுத்து, பெரிய உறைபெட்டியில், ஆட்டுத் தொடைகளுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கறிக்காகக் கையை விட்டவளுக்குக் கல்லாக உறைந்த காலணிகள் கிடைத்தன. அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

அன்று முதல் கேட் வரைக்கும் நடக்கத்தான் முடிந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயம், அவளுக்குக் கோபம். கம்பத்தை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டு, நாளைக்கு இரண்டாவது கேட் என்றாள். அவ்வளவுதான். மறுநாள் இரண்டாவது கேட்டுக்குப் போனோம்.

கோலின் சண்டை போடவில்லை. சண்டை போட்டு அவளிடம் ஜெயித்தவர்கள் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். ஒரு நிபந்தனை வைத்தான். ஆகஸ்ட் கடைசியில் கழகத்தின் பருவ முடிவு நாள் ஓட்டத்தில் அவள் கடைசியாக வந்தால், காலணிகள் உறைபெட்டிக்கே திரும்பிப் போகும். அப்புறம் அவள் அவற்றைத் தேடக் கூடாது. நோலீன் கையை நீட்டிச் சரி என்றாள். கைகொடுத்த சத்தம் அடங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் கழகத்தில் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. மெதுவானவர் முதலில், வேகமானவர் கடைசியில். யாருக்கு எப்போது என்று தீர்மானிப்பவன் அலிஸ்டேர் மெக்கிப்பன். அவன் கணிப்புச் சரியாக இருந்தால் முடிவுக்கோட்டில் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்ள வேண்டும். யாராவது எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடிவிட்டால் அடுத்த முறை அவர்கள் நேரத்தில் வெட்டு விழும். இன்னும் தாமதமாகத்தான் புறப்பட முடியும். வெட்டு வாங்குவதைப் போல் ஒரு கௌரவம் எங்களுக்கு வேறில்லை. கோப்பையை அலமாரியில் வைத்து மறந்துவிடுவோம். வெட்டு வாங்கிய கதையைச் சாகும் வரை சொல்லுவோம். என் நேரத்தில் ஒருநாளும் வெட்டு விழுந்ததில்லை. கழகத்தில் எப்போதும் கடைசி நான்தான். எனக்கு எத்தனை நிமிடம் கூடுதலாகக் கொடுத்தாலும் அத்தனையையும் நான் நடந்தே தீர்த்துவிடுவேன் என்பது அலிஸ்டேரின் கட்சி.

இன்னொரு வழக்கம், கேட். முதல் ஆள் திறப்பார், கடைசி ஆள் சாத்த வேண்டும். குட்டி போடப்போகும் ஆடுகள் கலந்துவிட்டால் நிலத்துக்காரன் அடுத்த வருடம் எங்களை உள்ளே விடமாட்டான். ஓட்டப் பந்தயமாவது, மண்ணாவது, கேட் கேட்தான்.

முடிவு நாளன்று பனியும் மழையும் கலந்து அடித்தது. கோலின் கொட்டகையில் பெரிய பானையில் சூப் காய்ச்சிக்கொண்டு, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ரொட்டிகளை வாட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் புறப்படும் கோட்டருகே நடுங்கிக்கொண்டு நின்றோம். அலிஸ்டேர் கடிகாரத்தைப் பார்த்து முதல் பெயரைக் கூப்பிட்டான். நோலீன் பெயர்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய பழைய நேரம், எனக்குப் பின்னால் ஐந்து நிமிடம் கழித்து. இப்போதோ, கழகத்தில் ஊன்றுகோலோடு வரும் ஒரு கிழவிக்கும் முன்னால் அவளை அனுப்புகிறான். அவள் தவழ்ந்து போனால்கூடக் கடைசியாக வரமாட்டாள். கோப்பையே கிடைத்தாலும் கிடைக்கும். அலிஸ்டேர் நல்லவன், நிபந்தனையைக் கேள்விப்பட்டவன். அவனும் ஒரு பாத்திரம் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டான்.

நோலீன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“உன் பேரத்தான் கூப்பிட்டேன் நோலீன். போ.”

“என் நேரம் இன்னும் வரல.”

“இதான் உன் நேரம்.”

“இது என் நேரம் இல்ல அலிஸ்டேர். இது உன் இரக்கம். அத நீயே வச்சுக்க. எனக்கு ஷோனாவுக்கு அப்புறம் அஞ்சு நிமிஷம். பழைய நேரம்.”

எல்லாரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். கொட்டகை வாசலில் கோலின் கரண்டியோடு வந்து நின்றான்; அவன் முகம் வெளுத்திருந்தது. எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கையில் கிடைத்த ஓட்டத்தை எட்டி உதைக்கிறாளே என்று இருந்தது. அலிஸ்டேர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான். ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். என் முறை வந்தது. போகும்போது அவளைத் திரும்பிப் பார்த்தேன். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, அடிக்கிற பனிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மேடு ஏறும்போது வழக்கம்போல் வேகக்காரர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள். அவளைத் தாண்டித்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். உச்சியில் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரே ஓர் உருவம், கேட்டைச் சாத்திச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஆள் அவள்தான். கேட்டெல்லாம் அவள் தலையில். ஒவ்வொரு கேட்டிலும் நின்று, விரல் மரத்துப்போய், மறுபடி கிளம்ப வேண்டும்.

அப்போது எனக்கும் புத்தி வேலை செய்தது. நான் கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும். காலணி நாடாவைக் கட்டலாம். சேற்றில் வழுக்கி விழலாம். எனக்கு அது நடிப்பாகவே இருக்காது. நான் கடைசியாக வருவது யாருக்கும் செய்தியில்லை. அவள் ஓட்டம் பிழைக்கும்.

எப்படித்தான் தெரிந்ததோ. பின்னாலிருந்து குரல் வந்தது.

“மெதுவா ஓடுறியாடி? நீயுமா? பிடிச்சேன்னா கொன்னுடுவேன்.”

பத்து வருடம் என் மூச்சைக் கேட்டவள். நான் நடிப்பதும் அந்த மூச்சில் தெரிந்துவிடும். வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு நான் ஓடினேன். சத்தியமாக, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினேன். ஓடும்போதுதான் ஒன்று புரிந்தது: குளிர்காலம் முழுக்க அவள் இழுத்த இழுப்பில் என் கால்களும் தேறியிருந்தன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நோலீன் அதைத்தான் செய்திருந்தாள். நான் ஓட ஓட அவளுக்கு இடைவெளி குறையவில்லை.

ஓடை வந்தது. நான் எப்போதும் கற்களைத் தேடி மிதித்துத் தாண்டுவேன். இந்தத் தடவை நேராக இறங்கினேன். தண்ணீர் முழங்காலைக் கடித்தது. பின்னால் அவள் குதித்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கடைசி நிலம், கடைசிக் கேட், அதைத் தாண்டினால் முடிவுக்கோடு. கேட்டை முதலில் தாண்டுபவர் ஓடலாம். இரண்டாவதாக வருபவர் நின்று சாத்த வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். கோட்டருகே எல்லாரும் சூப் குவளையை மறந்துவிட்டு நின்றார்கள்.

என் காதருகே அவள் மூச்சு வந்தது. தோளோடு தோள் இடித்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை, இதை யாரிடமும் அடித்துச் சொல்லுவேன். கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் அவளுடைய அந்த நீளக் கை நீண்டது, கம்பத்தைப் பிடித்தாள், ஒரு சுற்றுச் சுற்றி எனக்கு முன்னால் உள்ளே பாய்ந்தாள்.

கேட்டைச் சாத்தினேன். சங்கிலி எரிந்தது. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலேயே நான் சாத்திய முதல் கேட் அதுதான். அவள் முதுகு கோட்டைத் தாண்டுவதைக் கேட்டின் மேல் சாய்ந்துகொண்டு பார்த்தேன். தோற்றதில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது.

நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது நோலீன் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்திருந்தாள். மூச்சு இரைத்தாலும் முகத்தில் நல்ல சிவப்பு. கோலின் பக்கத்தில் நின்றான், தொடவில்லை. அலிஸ்டேர் எதிரே வந்து நின்று, அவள் ஓடிய நேரத்தைக் கடிகாரத்தில் இன்னொரு முறை பார்த்தான். கோப்பை யாரோ ஒரு ஆட்டுக்காரப் பையனுக்குப் போயிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

“அடுத்த வருஷம் உனக்கு ரெண்டு நிமிஷம் வெட்டு” என்றான் அலிஸ்டேர்.

பழைய நேரத்திலிருந்தே வெட்டு. நெஞ்சுவலிக்கு முந்தைய நோலீனைவிட இந்த நோலீன் வேகம் என்று ஊரறியச் சொல்லுகிறான். அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறப்பதற்குள் கோலின் முந்திக்கொண்டான்.

“ரெண்டு பத்தாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாக் கேட்டையும் சாத்திட்டு வந்திருக்கா. அதுங்கள மாட்டினவன் நான். என்ன கனம்னு எனக்குத் தெரியும். மூணு வெட்டு.”

நோலீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த சுருட்டிய ரொட்டியைப் பிடுங்கித் தின்றாள். மூன்று என்று அலிஸ்டேர் சொன்னான்.

அப்புறம் என்னிடம் திரும்பினான். மறுபடியும் கடைசி, பாவம்; எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கட்டுமா என்று அன்பாகக் கேட்டான்.

“உன் இரக்கத்த நீயே வச்சுக்க” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், இனி அடுத்த குளிர்காலம் முழுக்க ஓடியாக வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.