வலை கட்டிய சுவர்

போன வாரம் நான் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துப் பள்ளியில் வெள்ளையடித்தார்கள். காய்ந்தும் காயாத சுவரில் பழுப்பாக ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. பெயிண்டர் துணியை எடுத்துத் தட்டப் போனார். "அய்யோ, தொடாதீங்கண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் எட்டாம் வகுப்பே எட்டிப் பார்த்தது. அவர் என்னைச் சமண முனிவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஜீவகாருண்யமெல்லாம் இல்லை. அந்த இறகில் இருக்கும் பொடி ஒரு வெள்ளைச் சுவரை என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் கடலோர ஊரான காரங்காட்டில் அய்யா, ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டிய வருசம் அது. நான் கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் என்பதால் ஊரில் எனக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து வீட்டு அக்கா, ஆடு மூணு நாளாக இரை எடுக்கவில்லையென்று அதை எங்கள் வாசலுக்கே ஓட்டிவந்தார். நான் அதன் வாயைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினேன். நான் அப்போது படித்திருந்தது அமீபா வரைக்கும்தான்.

வீட்டுக்கு வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். "நம்ம மாதா கோயில் மாதிரி இருக்கணும்." அப்படியே அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிப்பதாகச் சொல்லியிருந்தார். தங்கச்சிமடத்திலிருந்து அத்தை இரண்டு நாள் முன்னதாகவே வந்து, அடுப்படியில் எதெது சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்த வருசம் மழைக்குப் பிறகு அலையாத்திக் காட்டில் புழு விழுந்து இலையெல்லாம் அரித்துப்போயிருந்தது. புழு பூச்சியானது. பூச்சி எங்கள் வீட்டைக் கண்டது. அந்துப்பூச்சி என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் ஊரில் பறப்பதெல்லாம் பூச்சிதான். காலையில் எழுந்து பார்த்தால் வாசல் சுவரில் முப்பது நாற்பது அப்பிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை அய்யா என்னைக் கூப்பிட்டார். "ஏலே, இதப் பத்தித்தான படிக்கிற? என்ன செய்யலாம், சொல்லு."

தண்ணீரின் நிறத்தை வைத்தே மீன் இருக்குமிடம் சொல்கிறவர். அவர் என்னைக் கேட்கிறார். தெரியாது என்று எப்படிச் சொல்வது? வயலில் விளக்கைக் கட்டி, கீழே சோப்புத் தண்ணீர் வைத்தால் பூச்சி விழுந்து சாகும் என்று எங்கேயோ ஒரு சுவரொட்டியில் பார்த்தது ஞாபகம் வந்தது. கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய லைட்டை இரவல் வாங்கி வரச் சொன்னேன்.

அய்யா தயங்கினார். "கடல்ல லைட்டு போட்டா மீனு கூடத்தானப்பா செய்யும்? இங்கன மட்டும் பூச்சி எப்படிப் போகும்?"

"இது அறிவியல் முறைய்யா."

"சரி, நீ படிச்சவன்" என்று அவரே ஏணியில் ஏறி, வாசலுக்கு நேராக லைட்டைக் கட்டினார்.

ஞாயிறு விடிந்தபோது அம்மா போட்ட சத்தத்தில் எழுந்து ஓடினேன். வெள்ளைச் சுவரைக் காணோம். அலையாத்திக் காட்டில் மிச்சமிருந்த அத்தனை பூச்சியும், சொல்லிவைத்து அழைத்ததுபோல், இறகை விரித்து உட்கார்ந்திருந்தன. சோப்புச் சட்டியில் செத்துக் கிடந்தவை பதினொன்று. அம்மா விளக்குமாற்றை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். பூச்சி பறந்தது, பழுப்புக் கோடு ஒன்று சுவரில் நின்றது.

"தேய்க்காதம்மா! ஈரத்துணியால துடைச்சாப் போயிரும்" என்று நான் அடுத்த அறிவியலை அவிழ்த்துவிட்டேன். நானே துடைத்தேன். இறகுப் பொடி ஈரத்தில் குழைந்து, வாசல் நெடுகத் தேநீரைக் கொட்டிவிட்டதுபோல் ஆனது.

அத்தை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "நல்லவேளைடா, மொத வருசந்தான் படிக்கிற. இன்னும் ரெண்டு வருசம் படிச்சிருந்தா வீடே போயிருக்கும்."

அய்யா சுவரில் ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த வீட்டுக்கு அவர் கடலில் கழித்த வருசங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். கோயிலில் பூசை முடிந்து மணி அடித்தது. அவர் விறுவிறுவென்று கரைக்குப் போய், படகில் கிடந்த நீல வலையைத் தோளில் அள்ளிக்கொண்டு வந்தார். தளத்திலிருந்து தரை வரைக்கும் நாலு மடிப்பாகத் தொங்கவிட்டுச் சுவரை மூடினார். கவிச்சி குப்பென்று அடித்தது. அம்மா மல்லிகைச் சரத்தை அதன்மேல் கொண்டுபோய்ச் சொருகினார்.

சாமியார் வந்தார். ஜெபித்துக்கொண்டே தீர்த்தத்தை வலைமேல் வீசினார். அவ்வளவுதான். மடிப்புக்குள் ஒண்டியிருந்த பூச்சியெல்லாம் கிளம்பி அவரைச் சுற்றின. மீதி ஜெபத்தை அவர் வாயைத் திறக்காமலே முணுமுணுத்து முடித்தார். அங்கியைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "வலை கட்டுனது ரொம்பப் பொருத்தமா இருக்கே. யாரு யோசனை?" என்றார்.

"மகன்தான் சாமி. காலேஜுல படிக்கிறான்ல" என்றார் அய்யா. தீர்த்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போதே இப்படிப் பொய் சொன்ன மனுசரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஆமா சாமி, விடிஞ்சதுலேர்ந்து அவன் யோசனதான்" என்றார் அத்தை.

அடுத்த மாதம் இன்னொரு வீடு மந்திரித்தார்கள். அங்கேயும் வலை கட்டினார்கள். பிறகு எல்லா வீட்டுக்கும். போன வருசம் படகில் சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் ஒரு படகோட்டி, "இது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் சார்" என்று விளக்கியதை என் காதாலேயே கேட்டேன். திருத்தவில்லை.

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கொரு பட்டதாரி. அய்யாவும் சந்தேகம் எதுவானாலும் போனை வாயருகே வைத்து அதனிடம் கேட்கிறார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும். அதுவும் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. சொல்லாவிட்டால் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார். தப்பென்று மனசுக்குப் பட்டும், மகன் சொன்னான் என்பதற்காக ஏணியில் ஏறிய அந்த மனிதரை மட்டும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.